வரத்துக்காலின் மேல் ஒரு மனைப்பிரிவு: செட்டிநாட்டு ஊராட்சி ஒன்றில் அரசின் மேற்பார்வை எங்கே நின்றுபோனது?

செட்டிநாட்டு ஊராட்சி ஒன்றில், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு உருவானது. அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இருந்தது. ஊராட்சித் தீர்மானம், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரம் எல்லாம் முறைப்படி இருந்தன. ஆனாலும் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் ஊருணி நிறையவில்லை. அதற்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்து நின்றது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத கோப்பு ஒன்று ஓர் ஊரின் நீர்வழியை எப்படி அடைத்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இங்கே வரும் ஊராட்சி, பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரே ஊர் அன்று. இந்த வட்டாரத்தில் இத்தகைய கோப்புகள் நடக்கும் வழியை ஒன்றாகத் தொகுத்து வரைந்த மாதிரி அது. சட்டங்கள், ஆண்டுகள், தீர்ப்புகள் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன. என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சிகள் மீது அரசுக்கு அதிகாரம் குறைவு என்பது உண்மையன்று, அது ஏராளமாக இருக்கிறது. அந்த அதிகாரம் ஆளையும் பணத்தையும் கையெழுத்தையும் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. நிலத்தை நேரில் பார்க்கும் கடமை அதில் யாருக்கும் உறுதியாக வகுக்கப்படவில்லை.

ஊர் அமைந்த விதம்

செட்டிநாட்டு ஊர்களின் நேர்த்தெருக்களையும் பெருவீடுகளையும் பார்த்து வியப்பவர்கள், அவற்றுக்கு அடியில் ஓடும் நீர்த்திட்டத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெரிய ஆறு எதுவும் ஓடாத, மழையை நம்பிய மண் இது. கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்குகிறது, தெருத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குச் செல்கிறது, ஊருக்கு வெளியே பெய்த மழை கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. ஊர் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதை முடிவு செய்ததே இந்த ஓட்டம்தான். 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. வீடுகளின் அழகுக்கு மட்டுமன்றி ஊரமைப்பு முழுமைக்கும் கிடைத்த மதிப்பு அது. ஊருணி வறண்டால் அந்த ஊரமைப்பில் எஞ்சுவது கட்டடங்கள் மட்டுமே.

இந்த நீர்நிலைகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நாற்பது ஹெக்டேரும் அதற்கு மேலும் பாசனப் பரப்புள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குடிநீருக்கும் புழக்கத்துக்குமான ஊருணிகள் ஊராட்சியிடம் இருக்கின்றன, சில இடங்களில் நகரத்தார் அறக்கட்டளைகளின் பராமரிப்பில் இருக்கின்றன. ஆனால் மேலே உள்ள கண்மாயின் உபரிநீர்தான் கீழே உள்ள ஊருணியை நிரப்புகிறது. தண்ணீருக்கு ஒரே வழி, அந்த வழியைக் காக்க மூன்று அலுவலகங்கள். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரி, கண்மாய்களையே கருத்தில் கொண்டது. ஊருணிக்கும் அதன் வரத்துக்காலுக்கும் இன்றும் துணை நிற்பவை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும்தான்.

நம் ஊராட்சியில் வரத்துக்காலின் மேற்பகுதி புலப்படத்தில் தனிச் சர்வே எண்ணாக, ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று தெளிவாக இருந்தது. கீழே வரவர அது பட்டா நிலங்களுக்குள் நுழைந்து, தனி எண் இல்லாமல், நடைமுறையில் மட்டும் வாய்க்காலாக இருந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நடந்த நிலவரித் திட்டத்திலும், 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திலும் இப்படி விடுபட்டுப்போன வாய்க்கால்கள் பல. ஊர்ப் பெரியவர்களுக்கு அது வாய்க்கால், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டுக்கு அது புஞ்சை.

ஒப்புதல் வந்த வழி

ஒரு காலத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற ஒரே சொல்லை வைத்து மனைகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாக என்றுமே இருந்ததில்லை. நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு வேண்டும் என்றே விதி இருந்தது. இருந்தும் பதிவு அலுவலகம் அதைக் கேட்காததால் வழக்கம் வளர்ந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று, இத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்த பின்னரே அந்த வழக்கம் முறிந்தது. ஓர் உயர் நீதிமன்ற ஆணையும் ஒரு பதிவுத் தடையும் சாதித்ததைப் பல ஆண்டுச் சுற்றறிக்கைகளால் சாதிக்க முடியவில்லை. மேற்பார்வை எந்த இடத்தில் பலிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. பணம் கைமாறும் இடத்தில், செயல் நிகழ்வதற்கு முன்னால் கேட்டால் அது பலிக்கிறது.

நாம் பார்க்கும் மனைப்பிரிவு அந்த மாற்றத்துக்குப் பின் வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி விண்ணப்பிக்கப்பட்டது. பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டியதால், சாலை நீங்கலாக மீதியில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும், பணம் கட்டி விலக முடியாது. உரிமையாளர் ஒதுக்கினார். ஒதுக்கிய இடம் முழு நிலத்திலும் தாழ்வான மூலை, வாய்க்கால் வந்து விழும் இடம். மனையாக விற்க முடியாத பள்ளம் பூங்காவானது. இதில் விதிமீறல் இல்லை. நல்ல பொறியாளர் ஒருவர் பார்த்திருந்தால் அந்தப் பள்ளத்தையே நீர்வழியாக விட்டு வைத்து, அதன் இரு மருங்கிலும் பூங்கா அமைக்கச் சொல்லியிருப்பார். மழைத் தண்ணீரும் போயிருக்கும், பூங்காவும் இருந்திருக்கும். அந்த யோசனையைச் சொல்லும் கடமை கோப்பில் யாருக்கும் இல்லை.

நீர்வளத் துறைச் சான்று தனியாகக் கவனிக்கத் தக்கது. பெரும்பாலும் அந்தச் சான்று விடையளிக்கும் கேள்வி, இந்த மனையிடம் வெள்ளத்தில் மூழ்குமா என்பது. மனை வாங்குபவரைக் காக்கும் கேள்வி அது, அவசியமானதும்கூட. ஆனால் இந்த மனைப்பிரிவால் கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் நின்றுபோகுமா, அல்லது வேறு தெருவில் பாயுமா என்ற எதிர்க் கேள்வி அதில் பின்தங்கிவிடுகிறது. மேற்பகுதிப் புறம்போக்கு வாய்க்கால் வரைபடத்தில் இருந்ததால், சாலை அதைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. கீழ்ப்பகுதி வரைபடத்தில் இல்லாததால் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிறகு கிராவல் கொட்டிச் சாலை உயர்த்தப்பட்டது. குழாய்ப் பாலம் அமைக்கப்படவில்லை. ஊராட்சி கூடி, சாலைகளையும் பூங்காவையும் ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டது, தானப் பத்திரம் பதிவானது, இறுதி ஒப்புதல் வழங்கப்பட்டது. இந்த வழக்கின் கணு இந்த இடந்தான். தானப் பத்திரத்தை ஏற்பதற்கு முன், நிபந்தனைகள் நிறைவேறினவா என்று களத்தில் பார்த்துச் சான்றளித்த ஒரு பொறியாளரின் பதிவும் கோப்பில் இல்லை. ஒப்புதல் தந்த துறை நிபந்தனையை எழுதியதோடு நின்றது, அதை நிறைவேற்றச் சொல்ல வேண்டிய ஊராட்சிக்கு அதைச் சரிபார்க்கும் ஆளும் இல்லை, அவசியமும் தோன்றவில்லை.

மனு சென்ற சுற்று

மழையில் தண்ணீர் புகுந்த குடும்பங்கள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தன. மனு எண் இடப்பட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பப்பட்டது. அவர் அதை ஊராட்சிச் செயலருக்கு அனுப்பி அறிக்கை கேட்டார். ஊராட்சியின் அறிக்கை, மனைப்பிரிவு உரிய அங்கீகாரம் பெற்றது என்று சொன்னது. அந்த வாசகமே மேலே போய், மனுதாரருக்குப் பதிலாகத் திரும்பி வந்தது. யார் மீது புகாரோ அவரிடமே விளக்கம் பெற்று அதையே தீர்வாக எழுதும் இந்தச் சுற்று, உள்ளாட்சி மேற்பார்வையின் மிகப் பெரிய பலவீனம் என்று நான் கருதுகிறேன். யாரும் பொய் சொல்லவில்லை. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதுதான். குழாய்ப் பாலம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஆட்சியரை ஊராட்சிகளின் ஆய்வாளராக ஆக்கியிருக்கிறது. 202ஆம் பிரிவின்படி ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் அவரால் முடியும். 203ஆம் பிரிவு அவசரகால அதிகாரம் தருகிறது. தலைவரின் காசோலையில் கையெழுத்திடும் உரிமையை நிறுத்திவைக்க நடைமுறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது அதுவே. 205ஆம் பிரிவின்படி, விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்தறிந்து அனுப்பிய பின், தலைவரைப் பதவி நீக்கம் செய்யலாம். இந்த மூன்றில் நமது வழக்குக்குப் பொருந்தக்கூடியது முதலாவது. நிபந்தனை நிறைவேறாமல் தானப் பத்திரத்தை ஏற்ற தீர்மானத்தை நிறுத்திவைத்திருந்தால் இறுதி ஒப்புதல் நின்றிருக்கும், விற்பனை தள்ளிப்போயிருக்கும், குழாய்ப் பாலம் சில வாரங்களில் வந்திருக்கும். ஆனால் அந்தத் தீர்மானம் நிறைவேறிய நாள்களில் அதைப் படித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. மனு வந்தபோது மனைகள் விற்றுப்போயிருந்தன. எனவே எஞ்சிய இரண்டு பிரிவுகளின் பக்கமே பேச்சு திரும்பியது.

தலைவர் மீதான நடவடிக்கை ஊரில் பெரிய செய்தியானது. உறுப்பினர்கள் இரு அணியாகப் பிரிந்தார்கள், விளக்கம் கேட்கப்பட்டது, விளக்கம் தரப்பட்டது, நாள்கள் கடந்தன. இதற்கிடையில் 2025 ஜனவரி 5 அன்று சிவகங்கை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலமே முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். நீக்கப்பட வேண்டிய தலைவர் இப்போது தலைவரே இல்லை, ஆகவே கோப்பு முடித்துவைக்கப்பட்டது. வாய்க்கால் அடைபட்டபடியே இருந்தது. ஆளைப் பிடிக்கும் மேற்பார்வையின் எல்லை இதுதான். தவறு நிலத்தில் நடந்தது, தண்டனை நாற்காலியைத் தேடியது, நாற்காலி காலியானதும் வழக்கு முடிந்துவிட்டது.

உள்ளாட்சி நிதித் தணிக்கையும் ஆண்டுதோறும் நடந்தது. வசூலான கட்டணம், ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் பொருந்தின. தணிக்கையாளர் களத்துக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் தானமாகப் பெற்ற சொத்துகளின் பதிவேட்டை அவர் பார்க்கிறார். ‘குழாய்ப் பாலம்: 1’ என்று அதில் இருந்திருந்தால் அதன் சான்று எங்கே என்று அவர் கேட்டிருக்க முடியும். அந்தப் பதிவேட்டில் இருந்தவை சாலையின் நீளமும் பூங்காவின் பரப்பும் மட்டுமே.

நீதிமன்றமும் நில அளவரும்

கடைசியில் ஊரார் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குச் சென்றார்கள். நீர்நிலை வழக்குகளில் சட்டம் ஊரார் பக்கமே நிற்கிறது. குளம், ஏரிகளைக் காப்பது அரசின் கடமை என்று 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2024 நவம்பரில், கட்டடங்களை இடிப்பதற்கு முன் குறைந்தது பதினைந்து நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று நெறிப்படுத்திய அதே நீதிமன்றம், பொதுச்சாலை, நீர்நிலை போன்றவற்றின் மீதான அங்கீகாரமற்ற கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் விலக்கிச் சொன்னது. இவ்வளவு இருந்தும், ஊரார் கையில் கிடைத்தது இத்தகைய வழக்குகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஆணைதான்: மனுவைச் சட்டப்படி பரிசீலித்து, குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது. முடிவெடுக்க வேண்டியவர்கள் முன்பு முடிவெடுக்காத அதே அலுவலர்கள்.

ஆனாலும் இந்த முறை ஒன்று மாறியது. பரிசீலனை என்ற சொல்லுக்குக் காலக்கெடு இருந்ததால் வட்ட நில அளவர் சங்கிலியோடு வந்தார். அவர் அளந்து கல் நட்ட அன்று, பல மாதங்களாக வாதமாக இருந்தது வரைபடமானது. புறம்போக்கு வாய்க்காலில் சாலை ஏறியிருந்த பகுதிக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அறிவிப்பும், பின் 6ஆம் பிரிவின்படி வெளியேற்ற ஆணையும் பிறந்தன. குழாய் பதிக்கப்பட்டது. பட்டா நிலத்துக்குள் இருந்த கீழ்ப்பகுதிக்கு அந்தச் சட்டம் எட்டாது, அது அரசு நிலம் இல்லையே. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 ஆகிய பிரிவுகள் அனுமதி இல்லாமலும் நிபந்தனைக்கு மாறாகவும் நடக்கும் வளர்ச்சியைத் தடுக்க இருக்கின்றன. ஆனால் கீழ்ப்பகுதியைப் பற்றி ஒப்புதலில் நிபந்தனையே எழுதப்படவில்லை, எழுதாத நிபந்தனையை மீறியதாக யார் மீதும் குற்றம் சாட்ட முடியாது. அன்றைய தேதியில் ஊருணிக்குப் பாதித் தண்ணீர் வரும் நிலை ஏற்பட்டது. மீதிப் பாதி, மனை வாங்கிய குடும்பங்களின் சம்மதத்தை எதிர்பார்த்துக் கிடக்கிறது. அவர்களும் சேமித்த பணத்தைக் கொட்டி, எல்லாச் சான்றும் சரியாக இருக்கிறது என்று நம்பி வாங்கியவர்கள்தான்.

மேற்பார்வையாளரின் சொந்தக் கணக்கு

உள்ளாட்சிகள் விதியை மதிப்பதில்லை என்று அரசு சொல்லும்போது, அரசின் கணக்கையும் பார்க்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2000ஆம் ஆண்டில் நுகர்வோர் நடவடிக்கைக் குழு தொடுத்த வழக்கில், அந்தப் பிரிவு செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதன் கீழ் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை ரத்துசெய்தது. 1999 பிப்ரவரி வரை கட்டப்பட்ட விதிமீறல்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த வந்த 113-ஏ, ஒருமுறை மட்டுமே என்பதால் ஏற்கப்பட்டது. அந்த ஒருமுறை மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டபோது 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. பிறகு 2012இல், வரன்முறைக்கு மீண்டும் வழிவிட்ட 113-சி வந்தது, 2017இல் மனைகளுக்கான வரன்முறை விதிகள் வந்தன. 2017 விதிகளில் நீர்நிலை, வாய்க்கால் நிலங்களுக்கு இடம் தராதது நல்ல முடிவு. ஆனால் ஒவ்வொரு வரன்முறையும் ஊராட்சி மன்றத்துக்கும் ரியல் எஸ்டேட் தொழிலுக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கிறது: இன்று கட்டு, நாளை கட்டணம் கட்டு. அந்தப் பாடத்தைக் கற்ற ஊராட்சித் தலைவரை ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு திருத்தும் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் கவலை தருகிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டும் சாதாரணக் குடும்பத்தை அலுவலக வாசலில் காக்க வைக்காத நல்ல ஏற்பாடு இது. இதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி வீட்டு நிலையில் முன்கூட்டிய களப் பார்வை போய்விட்டால், ஓர் அலுவலர் நிலத்தில் கால் வைத்துப் பார்க்கக் கட்டாயப்படுத்தக்கூடிய கடைசி நிலை மனைப்பிரிவு ஒப்புதல்தான். அங்கே தவறவிட்ட வாய்க்காலைப் பிறகு கண்டுபிடிக்கப்போவது மழைதான்.

எங்கே பூட்டு போட வேண்டும்

புதிய சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தானப் பத்திரம் பதிவாகும் நாள்தான் பூட்டு போட வேண்டிய இடம். நிபந்தனைகள் நிறைவேறிய ஒளிப்படமும், ஒன்றியப் பொறியாளரின் களச் சான்றும் இணைக்கப்படாத தானப் பத்திரத்தை ஊராட்சி ஏற்கக் கூடாது என்று ஊராட்சிகளின் ஆய்வாளர் ஓர் அறிவுறுத்தல் பிறப்பித்தால் போதும். அதற்கு முன்னால், விண்ணப்ப நிலையிலேயே, நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊராரில் இருவரும் சேர்ந்து மழை ஓடும் தடத்தை நடந்து பார்த்து, பட்டாவுக்குள் ஓடும் வாய்க்காலையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வரைபடத்தில் ஏறியதுதான் நிபந்தனையாகும், நிபந்தனையானதைத்தான் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு காக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. ஊரின் வரத்துக்கால்களைச் சர்வே எண் வாரியாகப் படித்துத் தீர்மானமாகப் பதிய அதைவிடப் பொருத்தமான கூட்டம் இல்லை. அந்தப் பட்டியல் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகக் கோப்பில் சேர்ந்துவிட்டால், அடுத்த மனைப்பிரிவு வரும்போது ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

காரைக்குடிப் பக்கம் இது அவசரமான வேலையும்கூட. 1928இல் நகராட்சியான காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது, கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் அதன் எல்லைக்குள் வர முடிவானது. ஊராட்சி ஒன்று மாநகராட்சியோடு இணையும்போது ஊராட்சிகள் சட்டமும், ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கு உள்ள அதிகாரமும் அங்கே முடிந்துவிடுகின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் பொறுப்பேற்கின்றன. தானப் பத்திரங்கள், தீர்மானப் புத்தகங்கள், நிபந்தனைக் கடிதங்கள் எல்லாம் ஓர் அலுவலக அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன. அவற்றோடு நிறைவேறாத நிபந்தனைகளின் பட்டியல் ஒன்றும் எழுதிக் கையளிக்கப்பட வேண்டும். இணையும் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊராட்சியின் மனைப்பிரிவுக் கோப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இப்போதே நகல் கேட்டு வாங்கி, ஒப்புதலில் எழுதியுள்ள குழாய்ப் பாலங்களைக் களத்தில் எண்ணிப் பார்த்து, இல்லாதவற்றைச் சர்வே எண்ணோடு மாநகராட்சி ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுக்கலாம். புதிய எல்லைக்கு முழுமைத் திட்டம் வரையப்பட்டு மக்களின் ஆட்சேபணை கேட்கப்படும்போது, அந்தக் கடிதங்களின் ஒப்புகைச் சீட்டுகளே ஊரின் வாதமாக நிற்கும்.